நீங்கள் பயப்படாத மாத்திரை

வாசகர் கடிதம்:

"டாக்டரம்மாவுக்கு வணக்கம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக்குப் போகிறேன். வயது 37. இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தாயிற்று. கல்யாணத்துக்கு முன்பிருந்தே மண்டையிடி உண்டு. அப்போதெல்லாம் மாதம் இரண்டு தடவை வரும். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள். வலது பொட்டில் தொடங்கிக் கண்ணுக்குள் குத்தும், ஓக்காளிக்கும், வெளிச்சம் ஆகாது, ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிற ஆசிட் மணம் ஆகவே ஆகாது. மெடிக்கலில் வாங்குகிற தலைவலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும் போட்டால்தான் வேலைக்கு இறங்க முடிகிறது. மாதத்தில் பதினெட்டு, இருபது நாள் போட்டுவிடுகிறேன். போன வருடம் ஒரு டாக்டர் ஃப்ளூனாரிசின் தந்தார். தலைவலி கொஞ்சம் குறைந்தது. ஆனால் நாலு மாதத்தில் 6 கிலோ கூடிற்று, எந்நேரமும் தூக்கம், காரணமில்லாத அழுகை. நானே நிறுத்திவிட்டேன். இப்போது நரம்பு டாக்டர் டோபிராமேட் எழுதி ஐந்து வாரம் ஆகிறது. 25-ல் தொடங்கி 50 ஆகியிருக்கிறது. கைவிரல், கால்விரல் எல்லாம் மரத்துப்போய் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. பேசும்போது வார்த்தை வரமாட்டேன் என்கிறது. துபாயில் இருக்கிற தம்பி போனில் தேடிப் பார்த்துவிட்டு, 'அக்கா, இது வலிப்பு மாத்திரை, உடனே நிறுத்து' என்கிறான். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு புரொப்ரனலால் போட்டுத் தலைவலி போயே போயிற்று. எனக்கு அது ஆகுமா? சிறுவயதிலிருந்து இளைப்பு (ஆஸ்துமா) உண்டு. இல்லை, மருந்தே வேண்டாமென்று தலைவலியோடு இருந்துவிடலாமா? இன்னொன்று: அக்கா மகளுக்கும் இதே தலைவலி. வயது 23, ஆவணியில் கல்யாணம். என் டோபிராமேட்டில் பத்து மாத்திரை அவளுக்கும் கொடுத்தேன். தப்பா?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேரடியான பதில். டோபிராமேட்டை இன்றைக்கே நிறுத்த வேண்டிய காரணம் எதுவும் உங்கள் கடிதத்தில் எனக்குத் தென்படவில்லை. அதே கடிதத்தில் உடனடியாகக் கவனிக்க வேண்டிய வேறொரு மருந்து இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மாத்திரை அட்டைகளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'தலைவலி மாத்திரை' என்று நீங்கள் சொல்வதில் நான்கு மருந்துகள் இருக்கின்றன: எர்கோட்டமின் 1 மி.கி., காஃபீன் 100 மி.கி., பாராசிட்டமால் 250 மி.கி., புரோகுளோர்பெராசின் 2.5 மி.கி. நம் ஊர்களில் ஒற்றைத் தலைவலிக்காரர்களின் பர்சில் நிரந்தரமாகக் குடியிருக்கும் மாத்திரை இது. எப்போதாவது ஒருநாள் போட்டால் வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எர்கோட்டமின் கலந்த மாத்திரையை மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேல் என்று மூன்று மாதத்துக்கு மேலாகப் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரைகளுக்கும் இதே 10 நாள் கணக்குதான். வெறும் பாராசிட்டமால் போன்ற தனி வலி மாத்திரைகளுக்குக் கணக்கு 15 நாள். நீங்கள் பதினெட்டு, இருபது நாள் போடுகிறீர்கள். மாதம் இரண்டாக இருந்த தலைவலி ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனதற்கு, நோய் முற்றியது மட்டும் காரணமாக இருக்காது. மாத்திரையின் பங்கு அதில் பெரியது என்பது என் கணிப்பு.

இது எப்படி நடக்கிறது என்றால், மாத்திரை உடம்பை விட்டு இறங்கும்போது வலி திரும்புகிறது. காஃபீன் இறங்கும்போதும் தலை வலிக்கும். காப்பியை விட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வலி திரும்பியதும் நீங்கள் அடுத்த மாத்திரையைப் போடுகிறீர்கள். மூளையின் வலிப் பாதைகள் அந்தப் பழக்கத்துக்கு ஏற்ப மேலும் கூர்மையாகிவிடுகின்றன. அப்புறம் சும்மா ஒரு வெயில், ஒரு ஆசிட் மணம் போதும், தலை இடிக்க ஆரம்பித்துவிடும்.

ஓக்காளத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒற்றைத் தலைவலியில் குமட்டல் இயல்பு. ஆனால் எர்கோட்டமினும் குமட்டலைக் கிளப்பும் மருந்துதான். அதைச் சமாளிக்கத்தான் அந்த மாத்திரைக்குள்ளேயே புரோகுளோர்பெராசினைச் சேர்த்திருக்கிறார்கள். அது போதாமல் நீங்கள் தனியாக ஒரு 'கேஸ் மாத்திரை'யும் போடுகிறீர்கள். அந்த கேப்ஸ்யூலில் பான்டப்ரசோல் 40, டாம்பெரிடோன் 30 என்று அச்சிட்டிருக்கிறது. முன்னது வயிற்று அமிலத்தைக் குறைப்பது, பின்னது குமட்டலை அடக்குவது. டாம்பெரிடோன் 30 மி.கி. என்பது ஒரு நாளுக்குரிய உச்ச அளவு. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல், ஒரு வேளைக்கு 10 மி.கி., ஒரு நாளைக்கு மூன்று வேளை, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்தது. நீங்கள் மாதக்கணக்கில் போடுகிறீர்கள். வயிற்றுக்குத்தானே என்று யாரும் அதை ஒரு மருந்தாகவே எண்ணுவதில்லை. டாக்டரிடம் போய் என்னென்ன போடுகிறீர்கள் என்று கேட்டால் கேஸ் மாத்திரை பட்டியலில் வராது. தலைவலி மாத்திரையும் பல நேரம் வராது. உங்கள் நரம்பு டாக்டரிடம் இந்த இரண்டையும் சொன்னீர்களா? கடிதத்தைப் படித்தால் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இனி உங்கள் விரல்களுக்கு வருவோம். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டோபிராமேட் தொடங்கினால் விரல் நுனிகளிலும் சிலருக்கு உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவதுபோல் இருக்கும். மருந்துச் சோதனைகளில் ஒரு நாளைக்கு 100 மி.கி. எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது வந்திருக்கிறது. தொந்தரவுதான், ஆபத்து அல்ல; நரம்பு கெட்டுப்போவதும் இல்லை. பலருக்குச் சில வாரங்களில் தானாகக் குறையும், அளவைக் குறைத்தாலும் குறையும். விரல் வழக்கமான சூட்டோடும் நிறத்தோடும் இருந்து, குத்தல் வருவதும் போவதுமாக இருந்தால் இதுதான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இன்னொரு அடையாளம்கூட உண்டு. சோடாவோ கலரோ குடித்துப் பாருங்கள். வழக்கமான சுர்ரென்ற ருசி இல்லாமல் சப்பென்று இருந்தால் அதுவும் டோபிராமேட் செய்கிற வேலைதான்.

ஆனால் எர்கோட்டமினும் விரலை மரக்கச் செய்யும். அது ரத்தக்குழாய்களைச் சுருக்குகிற மருந்து. அளவு கூடினாலோ தொடர்ந்து போட்டாலோ கைகால் விரல்களுக்குப் போகிற ரத்தம் குறையும். அப்போது விரல் சில்லிட்டு, வெளுத்து அல்லது நீலம் பாரித்து, வலிக்கும். நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். இது ஆபத்து. இப்படி இருந்தால் அந்த மாத்திரையில் இன்னொன்றைக்கூடத் தொடாமல், அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. தொண்டைப்புண், பல்வலி என்று போனால் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் தருவார்கள். எர்கோட்டமினோடு அவை சேர்ந்தால் ரத்தக்குழாய் கடுமையாகச் சுருங்கி, விரலையே இழக்கும் நிலை வரலாம். டாம்பெரிடோனுக்கும் இந்த இரண்டும் ஆகாது.

மூன்றாவது சந்தேகம் உங்கள் தொழிலின் மேல். இருபது வருடமாகக் கத்தி பிடித்துப் பட்டை சீவுகிற கை. மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்பட்டு, பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மட்டும் மரக்கும், இரவில் கூடும், கையை உதறினால் கொஞ்சம் தேவலாம். உங்களுக்குக் கால்விரலிலும் இருப்பதால் இது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஆனாலும் வெட்டுகிற கையில் மட்டும் கூடுதலாக இருக்கிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள்.

ஆக, மரப்பு என்கிற ஒரே தொந்தரவுக்கு மூன்று இடத்தில் வேர் இருக்கலாம். தம்பி போனில் தேடியபோது அவருக்குக் கிடைத்தது டோபிராமேட் ஒன்றுதான். காரணம், நீங்கள் அவரிடம் அந்த ஒரு பெயரைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

தம்பியின் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். அது வலிப்பு மாத்திரைதான், உண்மை. உங்களுக்கு வலிப்பு இருக்கிறது என்று அதற்குப் பொருளில்லை. அமெரிக்காவில் 2004-ல் அதை ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும் அனுமதித்தார்கள். உலகம் முழுக்க இரண்டுக்கும் பயன்படுகிறது. இந்த நோய்க்கான தடுப்பு மருந்துகளில் பல, வேறு நோய்க்கென்று வந்தவைதான். புரொப்ரனலால் கதையே அப்படித்தான். நெஞ்சுவலிக்காக அதை வாங்கிய நோயாளிக்கு ஒற்றைத் தலைவலியும் குறைந்ததை 1966-ல் மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். அதன் பிறகுதான் அது தலைவலி மருந்தும் ஆயிற்று.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அது கேட்டது சந்தோஷம். உங்களுக்கு வேண்டாம். இளைப்பு உள்ளவர்களுக்கு புரொப்ரனலால் மூச்சுக்குழாயைச் சுருக்கி, உயிருக்கே உலை வைக்கும். எந்த டாக்டர் எந்த நோய்க்கு எழுதினாலும் 'எனக்கு இளைப்பு உண்டு' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வார்த்தை வரமாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவும் டோபிராமேட்டுக்கு உரியதுதான். மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ சரியாகிவிடும், மூளை கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் இதை நான் லேசாகச் சொல்லித் தள்ளவும் மாட்டேன். அது எந்த அளவுக்கு உங்களை முடக்குகிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் வகுப்பில் வார்த்தைக்குத் திணறினால் அவருக்கு அந்த மருந்து சரிப்படாது. உங்களுக்கு மரத்தடியில் அவ்வளவு பேச்சு வேண்டியதில்லை. வீட்டில் பிள்ளைகள் கேலி செய்வதோடு போகலாம். ஆனால் சீட்டுப் பிடிக்கிறீர்கள், சங்கத்தில் கணக்கு எழுதுகிறீர்கள் என்றால் கதை வேறு.

ஃப்ளூனாரிசின் விஷயமும் இப்படித்தான். இரவில் போட்டுவிட்டுக் காலை ஏழு மணிக்கு எழும்புகிறவருக்கு அந்தத் தூக்கம் ஒரு சுகம். நீங்கள் மூன்று மணிக்கு எழுந்து, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, கூர்மையான கத்தியோடு இருட்டில் சரிவு ஏறி இறங்குகிறவர். காலடியில் பாம்பு கிடக்கிற தோட்டம். அரைத்தூக்கம் என்பது உங்கள் வேலையில் பக்க விளைவு என்ற சின்னச் சொல்லுக்குள் அடங்காது. எடை கூடுவதும் மனச்சோர்வும் அந்த மருந்தில் எல்லோருக்கும் தெரிந்தவை. காரணமில்லாத அழுகை வந்தபோது நிறுத்தியது நியாயம். டாக்டரிடம் சொல்லாமல் நிறுத்தியது மட்டும்தான் குறை. அவருடைய சீட்டில் 'ஃப்ளூனாரிசின்: மனச்சோர்வு' என்று ஒரு வரி ஏறியிருந்தால், அதே குடும்பத்தைச் சேர்ந்த சின்னாரிசினை நாளைக்கு இன்னொருவர் தலைசுற்றலுக்கு என்று எழுதித் தரமாட்டார். அந்த நான்கு மாதமும் ஃப்ளூனாரிசினோடு புரோகுளோர்பெராசினையும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே, உடம்பின் அசைவைச் சீராக வைக்கும் டோபமின் என்ற பொருளை மூளையில் தடுக்கும் குணம் உள்ளவை. தொடர்ந்து சேர்ந்தால் கை நடுக்கம், உடம்பு விறைப்பு, நடை மந்தம் என்று நடுக்குவாதம்போல் வரக்கூடும். அப்படி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று டாக்டர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

'மருந்தே வேண்டாமென்று இருந்துவிடலாமா' என்ற கேள்விக்கு நான் ஒரு கணக்கைத் திருப்பிக் கேட்கிறேன். போன மாதம் எத்தனை நாள் வெட்டுக்குப் போகாமல் கூலி போயிற்று? எத்தனை நாள் போயும், பாதியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தீர்கள்? எத்தனை ராத்திரி பிள்ளைகளுக்குச் சோறு வைக்காமல் இருட்டறையில் கிடந்தீர்கள்? டோபிராமேட்டின் மரப்பை அந்த நாட்களுக்கு எதிரே வைத்துத்தான் எடை போட வேண்டும். மருந்துக் காகிதத்தில் அச்சிட்ட பக்க விளைவுப் பட்டியலை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தால் உலகத்தில் எந்த மருந்தையும் வாயில் வைக்க முடியாது, பாராசிட்டமாலைக்கூட.

அந்தக் கணக்கைப் போட உங்களிடம் இன்னும் சரக்கு இல்லை. தடுப்பு மருந்து பலன் தருகிறதா என்று சொல்ல, உரிய அளவை எட்டிய பிறகு இரண்டு, மூன்று மாதம் ஆகும். உங்களுக்கு ஐந்து வாரம்தான் ஆகிறது. பலருக்கு 100 மி.கி. வரை போக வேண்டியிருக்கும், சிலருக்கு 50-லேயே போதும். பக்க விளைவு முதல் வாரத்திலேயே வந்துவிடும், பலன் பிறகுதான் வரும்; எல்லாத் தடுப்பு மருந்துக்கும் உள்ள துரதிர்ஷ்டம் இது. மரப்பு தாங்க முடியவில்லை என்றால், அளவைக் கூட்டாமல் 50-லேயே நிறுத்திவைத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நியாயமான கேள்விதான், கோபிக்க மாட்டார். தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே மருந்து வேலை செய்கிறது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். ஒரேயடியாகப் போய்விடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

அடுப்படியில் தொங்குகிற மாதக் காலண்டர் போதும். தலை வலித்த நாளுக்கு ஒரு கோடு. படுக்கையில் போட்ட நாளுக்கு இரண்டு கோடு. அன்று போட்ட மாத்திரை எத்தனை என்று பக்கத்தில் ஒரு எண். மாதவிலக்கு நாளுக்கு ஒரு வட்டம். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளைக் கிழித்துக் கொண்டுபோங்கள். 'இப்போ கொஞ்சம் தேவல சார்' என்று சொல்வதைவிட அந்தத் தாள் நூறு மடங்கு பேசும்.

டோபிராமேட் போட்டுவரும் காலம் முழுக்க இரண்டு விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஒன்று தண்ணீர். இந்த மருந்து கிட்னியில் கல் உண்டாகும் வாய்ப்பைக் கூட்டும். சிலருக்கு வியர்வையையும் குறைக்கும். நீங்கள் புழுக்கத்தில் மணிக்கணக்கில் வேலை செய்கிறவர். தோட்டத்துக்குப் போகும்போதே இரண்டு லிட்டர் கொண்டுபோய்த் தீர்த்துவிட்டு வாருங்கள். மற்றது கண். திடீரென்று கண் வலித்துப் பார்வை மங்கினால் டாக்டரைப் போனில் பிடிக்கக் காத்திருக்காமல் மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். அபூர்வம், பெரும்பாலும் முதல் மாதத்தில்தான் வரும், ஆனால் தாமதித்தால் பார்வை போகும். மனது இருண்டு, வாழ்ந்து என்ன என்று தோன்றினாலும் உடனே சொல்ல வேண்டும். ஃப்ளூனாரிசினில் ஏற்கெனவே அழுதவர் என்பதால் உங்கள் விஷயத்தில் வீட்டுக்காரரும் இதைக் கவனிக்கட்டும்.

இப்போது அந்த எர்கோட்டமின் மாத்திரையை விடுகிற வழி. சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன். நிறுத்திய இரண்டாம் நாளிலிருந்து பத்து நாள்வரை தலைவலி முன்பைவிடக் கூடும். வாந்தி, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும். 'மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது' என்று பலர் முடிவு கட்டுவது அந்த வாரத்தில்தான். அதைத் தாண்டினால், அடுத்த சில வாரங்களில், சிலருக்கு இரண்டு மாதத்தில், தலைவலி நாட்கள் தாமாகவே குறையத் தொடங்கும். அதனால் நாளைப் பார்த்து நிறுத்துங்கள். மழை பிடித்து வெட்டு நிற்கிற வாரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் இலை உதிர்ந்து வெட்டுக்கு விடுமுறை விடும் காலம். அந்த வாரத்துக்குத் துணையாக என்ன போடலாம் என்பதை உங்கள் நரம்பு டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ரத்த அழுத்தம், இதயம் எல்லாம் பார்த்துவிட்டு டிரிப்டான் வகையில் சுமாட்ரிப்டான் போன்ற ஒன்றைத் தரலாம். அதை எர்கோட்டமின் போட்ட 24 மணி நேரத்துக்குள் தொடவே கூடாது. நாப்ராக்சென் நல்ல மருந்து, ஆனால் இளைப்பு உள்ள சிலருக்கு அந்த வகை வலி மாத்திரைகளே மூச்சிரைப்பைக் கிளப்பும், வயிற்றையும் அரிக்கும். முன்பு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போட்டபோது இளைப்பு கூடியதுண்டா என்று யோசித்து வையுங்கள், அவர் கேட்பார். பாராசிட்டமால் என்றால் 50 கிலோவுக்கு மேல் எடையும் நல்ல ஈரலும் உள்ளவர்கள் வலி தொடங்கியதுமே 1000 மி.கி. போடலாம். 250-ஐயும் 500-ஐயும் வலி உச்சிக்கு ஏறிய பிறகு போட்டுவிட்டு 'கேட்கவில்லை' என்பது நம் ஊர்ப் பழக்கம். எதுவாக இருந்தாலும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.

கட்டங்காப்பியை, அதாவது பால் சேர்க்காத காப்பியை, அதே வாரத்தில் விட்டுவிடாதீர்கள். மாத்திரையின் காஃபீனும் காப்பியின் காஃபீனும் ஒரே நேரத்தில் போனால் தலை இரட்டிப்பாக இடிக்கும். காப்பியைப் பிறகு மெல்லக் குறைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வேலை நேரத்தை மாற்றச் சொல்ல எனக்கு வாயில்லை. விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஆனால் மூன்று மணிக்குக் கட்டங்காப்பியோடு இறங்கி, பால் எடுத்து ஷீட் அடித்து முடித்துப் பத்து மணிக்கு மேல்தான் முதல் சோறு என்றால், பசியும் தூக்கக் குறைவும் சேர்ந்து அந்தத் தலைவலிக்குக் கதவைத் திறந்துவைக்கும். இறங்குமுன் இரண்டு மட்டிப்பழமோ ஒரு துண்டு அவித்த மரச்சீனிக் கிழங்கோ (மரவள்ளி) வயிற்றில் போடுங்கள். இரவு எட்டரைக்குப் படுத்துவிட முடிந்தால் நல்லது. வெட்டு இல்லாத நாளிலும் மிக நேரம் கழித்து எழும்ப வேண்டாம். இந்த நோய்க்குத் தூக்கம் குறைந்தாலும் ஆகாது, திடீரென்று கூடினாலும் ஆகாது. ஆசிட் ஊற்றும் வேலையைக் காற்றோட்டமான இடத்தில், முடிந்தால் வீட்டுக்காரரிடம் தள்ளிவிடுங்கள்.

தைலம் தேய்ப்பதில் தவறில்லை. கோடாலித் தைலம் வளைகுடாவிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கும், நம் வீடுகளில் அதை நிறுத்த யாராலும் முடியாது. வர்ம ஆசானிடம் போய்க் கழுத்துக்கும் தோளுக்கும் எண்ணெய் தடவி இதமாகப் பிடித்துவிட்டால் நல்லதுதான். ஆனால் கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடுக்கு எடுக்க மட்டும் யாருக்கும், எந்த ஆசானுக்கும், சலூன் கடையிலும் விடாதீர்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம்.

ஸ்கேன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பல வருடமாக ஒரே மாதிரி வந்துபோகும் தலைவலிக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. திடீரென்று இடி விழுந்ததுபோல் வாழ்நாளில் காணாத வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மறைதல், படுத்தால் அல்லது இருமினால் கூடும் வலி, காலையில் எழும்போதே வாந்தியோடு வந்து நாளுக்கு நாள் வளரும் வலி: இவற்றில் ஏதாவது ஒன்று என்றால் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பக்க விளைவு என்று சந்தேகம் வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். மருந்துகளின் பக்க விளைவுகளைத் திரட்டுவதற்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் எண் அது. நோயாளியே கூப்பிடலாம், டாக்டர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை.

கடைசியாக அக்கா மகள். தப்பா என்று கேட்டீர்கள். தப்புதான். கோபத்தில் சொல்லவில்லை, அந்தப் பெண்ணின் நிலைமை உங்களுடையது அல்ல என்பதால் சொல்கிறேன். நீங்கள் கருத்தடை ஆபரேஷன் செய்தவர். அவளுக்கு ஆவணியில் கல்யாணம். கரு உருவாகும் காலத்தில் டோபிராமேட் உடம்பில் இருந்தால் குழந்தைக்கு உதடு, அண்ணப் பிளவு வரும் வாய்ப்பு கூடும். எடை குறைந்தும் பிறக்கலாம். மூளை வளர்ச்சியையும் பாதிக்கலாம் என்பதால் 2023-ல் ஐரோப்பாவில் பெண்களுக்கான கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கினார்கள். அதே காரணத்துக்காக வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தையும் அவளுக்கு யாரும் எழுதிவிடக் கூடாது; அது இன்னும் மோசம். எர்கோட்டமின் மாத்திரையும் கர்ப்பத்தில் ஆகாது. அந்தத் தலைவலி மாத்திரையையும் நீங்கள் பகிர்ந்திருப்பீர்களோ என்று எனக்குச் சந்தேகம். இளம் பெண்களுக்கு அதிலுள்ள புரோகுளோர்பெராசின், ஓரிரு மாத்திரையிலேயேகூட, கழுத்தை ஒரு பக்கம் கோணவைத்து, தாடையை இறுக்கி, கண்ணை மேலே செருகவைக்கும். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போவார்கள். மருத்துவமனையில் ஒரு ஊசியில் சரியாகிற காரியம்.

அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு டாக்டரிடம் தனியாகக் காட்டுங்கள். ஆவணியில் கல்யாணம் என்பதைச் சொல்லியே மருந்து கேளுங்கள். தலைவலிக்கு முன்னால் கண்ணில் மின்னல்போல், கோணல் கோடுகள்போல் தெரிகிறதா என்பதையும் அவளே சொல்லட்டும். அப்படித் தெரிந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை அவளுக்கு ஆகாது, பக்கவாத ஆபத்து கூடும். நீங்கள் கொடுத்த பத்தில் மிச்சம் இருப்பதை இன்றைக்கே திருப்பி வாங்கிவிடுங்கள். உங்கள் மாத்திரையும் குறையாமல் இருக்கும். இடையில் தீர்ந்துபோய் நாள் விட்டுவிட்டால், நாம் மேலே போட்ட கணக்கு எல்லாமே தவறிப்போகும்.